டெல்டாவில் காக்டஸ் வளர்ப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

காக்டஸ் வளர்ப்பு பற்றிப் படிக்கக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி விழுவதற்குள் செடியை உள்ளே எடுத்துவை, தெற்குப் பார்த்த சன்னலில் வை என்று அவை சொல்லும். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ இருப்பவருக்கு அதில் பாதி உதவாது. வெயிலுக்கு நம்மிடம் குறைவில்லை, உறைபனியும் கிடையாது. நம் ஊரில் இந்தச் செடியைக் கொல்வது ஈரம். தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் களிமண், கடலோரப் புழுக்கம், ஐப்பசி கார்த்திகை அடைமழை மூன்றும் சேர்ந்து வேரை அழுகவைத்துவிடும். தை முதல் மார்கழி வரை நாம் செய்யப்போகிற வேலை எல்லாம் அந்த இரண்டு மழை மாதங்களைத் தாண்டுவதற்கான ஏற்பாடுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், கையில் இருப்பது காக்டஸ்தானா?

முள் இருக்கும் தடித்த செடியை எல்லாம் நாம் கள்ளி என்போம். வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி மூன்றும் ஆமணக்குக் குடும்பத்துச் செடிகள். கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கற்றாழை வேறு குடும்பம். வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதுவும் காக்டஸ் இல்லை.

காக்டஸை அடையாளம் காண ஒரே வழி முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பது. தண்டின் மேல் சின்னச் சின்னப் பஞ்சுத் திட்டுகள் இருக்கும். முள், பூ, பக்கக் கன்று எல்லாம் அந்தத் திட்டிலிருந்துதான் வரும். பஞ்சுத் திட்டு இருந்தால் காக்டஸ், இல்லாவிட்டால் வேறு ஏதோ. பால் வடிகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், மம்மில்லேரியா என்ற காக்டஸ் இனத்தின் சில வகைகளிலும் பால் உண்டு. ரிப்சாலிஸ் இனம் ஒன்று ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது. அதை விட்டால் காக்டஸ் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. நம் ஊர்ச் செடி போலவே ஆகிவிட்ட சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான்.

எதை வாங்குவது

முதல் செடிக்கு ஜிம்னோகாலிசியம் வாங்குங்கள். உருண்டையாக, கையடக்கமாக இருக்கும். மற்ற காக்டஸ்களைவிடக் கொஞ்சம் நிழலையும் ஈரக்காற்றையும் பொறுத்துக்கொள்ளும், சின்ன வயதிலேயே பூக்கும். அடுத்து மம்மில்லேரியாவில் கன்று தள்ளும் சாதாரண வகைகள். பொன்முள் பந்து என்று நர்சரியில் தருவதும் நன்றாக வரும், ஆனால் அது பூக்கப் பல ஆண்டு ஆகும், பூவுக்காக அதை வாங்காதீர்கள். உயரமாகத் தூண் போல் வளரும் செரியஸ் மாடியில் இடம் இருப்பவர்களுக்கு ஏற்றது. ஒடித்து நட்டாலே வரும்.

நம் கடலோரத்துக்கென்றே செய்தது போன்ற இனம் ஒன்று உண்டு, மெலோகாக்டஸ். வளர்ந்த செடியின் தலையில் சிவப்புத் தொப்பி மாதிரி ஒரு பஞ்சு முடி வரும். கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் இதன் இனங்கள் சில கடற்கரையை ஒட்டியே வளர்கின்றன. குளிர்நாட்டில் இதைக் காப்பாற்றப் படாதபாடு படுவார்கள், 15 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. நாகப்பட்டினத்தில் அந்தக் கவலையே இல்லை.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரெபூஷியா, லொபிவியா போன்றவை ஆண்டிஸ் மலைச் செடிகள். குளிர்ந்த இரவும் காய்ந்த குளிர்காலமும் இருந்தால்தான் மொட்டு வைக்கும், நம் மார்கழிக் குளிர் அவற்றுக்குப் போதாது. கிறிஸ்துமஸ் காக்டஸ் ஊட்டி, கொடைக்கானலுக்குச் சரி. அஸ்ட்ரோஃபைட்டத்தில் முள்ளே இல்லாத தட்டை வகை பார்க்க அழகுதான், ஆனால் ஒரு மழைக்காலத்தைக் கடந்து பழகிய பிறகு வாங்குங்கள். அரிய வகை என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பச்சைத் தண்டின் மேல் பந்து உட்கார்ந்திருக்கும் செடியைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். அது இரண்டு செடிகளின் ஒட்டு. மேலே இருக்கும் நிறப் பந்தில் பச்சையம் இல்லை, தனக்கு வேண்டிய உணவைத் தானே செய்துகொள்ள அதனால் முடியாது. கீழே இருக்கும் டிராகன் பழத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. சில ஆண்டுகளில் இரண்டில் ஒன்று சோர்ந்துவிடும், அது நம் தவறில்லை. ஆனால் டிராகன் பழத் தண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும், குளிரைத்தான் தாங்காது. அதனால் இந்த ஒட்டுச் செடி குளிர்நாட்டைவிட இங்கே நன்றாகவே பிழைக்கும். நேர்வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், நிறப் பந்து வெந்துவிடும்.

வாங்கும்போது செடியின் அடிப்பாகத்தை ஒரு குச்சியால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். முள் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது மாவுப்பூச்சியாக இருக்கலாம். காய்ந்த பூவைப் பசை போட்டுத் தலையில் ஒட்டி விற்பதும் உண்டு. பூ காகிதம் போல் மொறமொறவென்று இருந்து, வாடவே வாடாமல் நின்றால் சந்தேகப்படுங்கள்.

பார்சலில் வரவழைப்பதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வடக்கே டார்ஜிலிங் பக்கத்துக் காலிம்பொங் காக்டஸ் நர்சரிகளுக்குப் பேர்போன ஊர். அது மலை ஊர். அங்கே வளர்ந்த செடியைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு நம் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மூன்றே நாளில் வெளிறிப் போகும். வந்த செடியைத் தண்ணீர் காட்டாமல் நிழலில் ஒரு வாரம் வைத்துவிட்டு, அப்புறம் மெல்லப் பழக்குங்கள்.

மண்தான் பாதி வேலை

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். அவ்வளவு நைசான மண் அது, சிலையின் நகக்கண் வரை பதிந்துவிடும். சிலைக்கு வரமான அந்த நைசுதான் காக்டஸ் வேருக்கு எமன். நனைந்தால் துளி இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் இறுகி வெடிக்கும். வேருக்குக் காற்றே கிடைக்காது. அதனால் தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். உங்கள் மண் எப்படி என்று சந்தேகமா? ஒரு பிடி ஈரமண்ணை உருட்டிப் பாருங்கள். கயிறு போல் திரிக்க வந்தால் அது களி, இதற்கு ஆகாது.

டெல்டாவில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களை வைத்தே நல்ல கலவை செய்யலாம். கொட்டாங்கச்சியை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பெருமணல் இரண்டு பங்கு, செங்கல் நொறுக்கு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, அடுப்புக் கரித்துண்டு அரைப் பங்கு. ஒவ்வொன்றையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மணல் என்றால் பூச்சு வேலைக்குச் சலித்த நைசு மணல் இல்லை. சலித்தபின் சல்லடையில் தங்குமே, அந்தப் பரல் மணல். வீடு கட்டும் இடத்தில் அதை ஒதுக்கிக் கொட்டியிருப்பார்கள், கேட்டால் தருவார்கள். எம்-சாண்ட் என்றால் மாவு போன்ற தூசு போகும்வரை நாலு தண்ணீரில் அலசுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், எத்தனை அலசினாலும் உப்பின் மேல் நம்பிக்கை வைக்க முடியாது. செங்கல் நொறுக்கு உளுந்து முதல் கொண்டைக்கடலை அளவுவரை இருக்கட்டும். உடைக்கும்போது வரும் தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள். நன்றாகச் சுட்ட செங்கலாகப் பாருங்கள், வேகாத கல் ஒரே மழையில் மறுபடி களிமண்ணாகிவிடும். செம்மண் வேண்டுமென்றால் வல்லம் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ போகும்போது ஒரு பை எடுத்து வரலாம்.

நெல் அரவை மில்லில் கிடைக்கும் கருகிய உமியைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். கருப்பாக, உமியின் வடிவம் குலையாமல் இருந்தால் கரிக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்கலாம், கலவை பொலபொலப்பாகும். வெளுத்த சாம்பலாகிவிட்டதைச் சேர்க்காதீர்கள். அதில் காரத்தன்மை அதிகம், காக்டஸ் வேருக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். பச்சை உமி மட்கும்போது பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் வேண்டாம். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில்தான் வரும். அது ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும், நம் புழுக்கத்தில் ஆபத்து. வாங்கிய ஒரு மாதத்துக்குள் அதை உதறிவிட்டு நம் கலவைக்கு மாற்றிவிடுவது நல்லது, மழைக்காலத்தில் வாங்கியிருந்தால் தை பிறக்கும்வரை பொறுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு தொட்டியில் போட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே அடியில் ஒழுக வேண்டும். கொஞ்ச நேரம் தேங்கி நின்றாலும் இன்னும் செங்கல் நொறுக்கு சேருங்கள்.

தொட்டியும் நடவும்

மண் தொட்டியே நம் ஊருக்குச் சிறந்தது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும், பிளாஸ்டிக்கில் அது நடக்காது. மெருகு பூசிய பீங்கான் தொட்டி, கண்ணாடிக் கிண்ணம், ஓட்டை இல்லாத கப் எல்லாம் கடை அழகுக்கு மட்டும். அடியில் ஒரு ஓட்டைதான் இருக்கிறதென்றால் இன்னும் இரண்டு போடச் சொல்லுங்கள். செடியின் அகலத்தைவிட ஒரு விரல்கடை இரு விரல்கடை பெரிய தொட்டி போதும். வளருமே என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து அழுகலைக் கூப்பிடும்.

மாற்றி நடத் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது. ஆவணி வரையிலும் செய்யலாம், புரட்டாசி பாதிக்கு மேல் கை வைக்காதீர்கள்.

சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, மண் காய்ந்ததும் ஆரம்பியுங்கள். செய்தித்தாளை நாலாக மடித்துப் பட்டையாகச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது, தொட்டியைத் தட்டினால் கழன்று வரும். பழைய மண்ணைக் குச்சியால் உதிருங்கள். கறுத்த, நூல் போல் இற்ற வேர்களைக் கத்தரியுங்கள். அப்புறம் உடனே நடாமல் செடியை வேரோடு நிழலில் மூன்று நான்கு நாள் காற்றாட வையுங்கள், வெட்டிய இடம் காய வேண்டும். பலருக்கும் இந்த இடத்தில்தான் மனசு கேட்காது, வேர் காய்ந்துவிடுமோ என்று பதறுவார்கள். ஒன்றும் ஆகாது.

நடும்போது பழைய மண்மட்டத்துக்கு மேல் செடியைப் புதைக்கக் கூடாது. செடியின் கழுத்தைச் சுற்றி அரை அங்குலம் மணலும் செங்கல் நொறுக்கும் மட்டும் போட்டு மூடுங்கள், அந்த இடம் எப்போதும் காய்ந்திருக்கட்டும். நட்டு ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

சப்பாத்திக்கள்ளி வகையை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். பெரிய முள் பரவாயில்லை, திட்டில் இருக்கும் மயிர் போன்ற பொடி முள் நூற்றுக்கணக்கில் ஏறும், கண்ணுக்கும் தெரியாது. ஏறிவிட்டால் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிப் பிய்த்து எடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வகையே வேண்டாம்.

எங்கே வைப்பது

காலை வெயில் நாலைந்து மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல். கிழக்குப் பார்த்த மாடி, திண்ணையோரம், பால்கனிக் கம்பி எல்லாம் பொருந்தும். மொட்டைமாடிதான் இடம் என்றால் பங்குனியிலேயே பச்சை நிழல்வலை கட்டுங்கள், 50 சதவீத வலை போதும். கத்திரி வெயிலில் சிமெண்டுத் தளத்தின் சூடு தொட்டிக்குள் ஏறி வேரை அவித்துவிடும். இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு அதில் வையுங்கள்.

வெயில் அதிகமானால் செடியின் ஒரு பக்கம் மட்டும் வெளிறிப் பிறகு தவிட்டு நிறத் தழும்பாகும், அது மறையாது. வெயில் குறைந்தால் உருண்டைச் செடி தலைப்பக்கம் ஒடுங்கிக் கூம்பாக நீளும், அந்த உருவமும் திரும்பாது. வரவேற்பறை மேசையிலும் கம்ப்யூட்டர் பக்கத்திலும் வைப்பவர்களின் செடிகள் இப்படித்தான் ஆகின்றன. கம்ப்யூட்டர் கதிரை அது இழுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் விற்பவர் கதை.

முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாடியிலோ கொல்லையிலோ வையுங்கள், செடிக்கும் அதுதான் நல்லது, நடமாடும் வழியில் புடவையும் வேட்டியும் மாட்டாது.

தண்ணீர்

வாரம் ஒரு முறை, பத்து நாளைக்கு ஒரு முறை என்று கணக்குச் சொன்னால் எழுதிக்கொள்ள வசதிதான், ஆனால் கும்பகோணத்துச் சந்துக்குள் இருக்கும் தொட்டியும் வேதாரண்யத்துக் கடற்காற்றில் இருக்கும் தொட்டியும் ஒரே மாதிரி காயாது. ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சுத்தமாக வந்தால் அதற்கு மேலும் இரண்டு நாள் விட்டு ஊற்றுங்கள். ஊற்றினால் அடியில் ஒழுகும் அளவுக்கு ஊற்ற வேண்டும். தினம் ஒரு கரண்டி தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்துக் கழுத்தை அழுகவிடும். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள்.

தை முதல் பங்குனி வரை செடி வேகமாக வளரும், காய்ந்ததும் தாராளமாகக் கொடுக்கலாம். சித்திரை வைகாசியில் பெரும்பாலானவர்கள் தண்ணீரைக் கூட்டுவார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். காக்டஸ் பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை உள்ளே வாங்கும். இரவும் தணியாமல் புழுங்கும் நாட்களில் அந்த வேலை மந்தமாகும், செடி வளர்ச்சியை நிறுத்திவிடும். குடிக்காத செடியின் காலடியில் சூடான ஈரம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னத் தொட்டிகளுக்கு மட்டும் சாயங்காலம், தரைச் சூடு தணிந்த பிறகு கொடுங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர், அதை வேறெங்காவது ஓடவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். ஆனி, ஆடியில் காற்று வீசும், மண் சட்டெனக் காயும். ஆனால் ஆவணியிலேயே இடிமழை சில நாள் மாலையில் இறங்கும், வானத்தைப் பார்த்து ஊற்றுங்கள்.

டெல்டாவின் கடலோரத்தில் போர் தண்ணீர் உவர்ப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டினால் உங்கள் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று பொருள். மழைநீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுவது உத்தமம். அது இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் தொட்டியை அடிவரை அலசிவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், ஊற்றக் கூடாது. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் கறிவேப்பிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஊற்றினால் எறும்பும் பூஞ்சணமும்தான் வரும்.

ஐப்பசி, கார்த்திகை

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்குள் ஏற்பாட்டை முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஐப்பசியின் தொடக்கத்தில் பிடிக்கும், டெல்டாவின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அதில்தான் வருகிறது. தொடர்ந்து நாலு நாள் சூரியனே தெரியாது. அப்போது தொட்டி நனைந்தால் காய வழியே இல்லை.

மேலே மழை படாமல், பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவதுதான் கஷ்டம். தாழ்வாரம் இருக்கும் பழைய ஓட்டு வீடு என்றால் கவலையில்லை, முற்றத்துப் பக்கம் சாரல் படாத உயரத்தில் வரிசையாக வைத்துவிடலாம். மாடியில் வைத்திருப்பவர்கள் கம்பிச் சட்டத்தின் மேல் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளைச் சரிவாகக் கட்டி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். சிலர் பக்கமும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளே வியர்த்துக் கொட்டி, மழையில் விட்டிருந்தாலே தேவலை என்று ஆகிவிடும். நிழல்வலையைக் கழற்றிவிடுங்கள், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வேண்டும்.

இந்த இரண்டு மாதம் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. காற்றின் ஈரமே போதும். செடி லேசாகச் சுருங்கினாலும் விட்டுவிடுங்கள், தை மாதம் ஒரே தண்ணீரில் நிமிர்ந்துவிடும். விரல் நகத்தளவு சின்னச் செடிகளுக்கு மட்டும், வெயில் தொடர்ந்து அடிக்கும் நாட்களில், காலையில் கொஞ்சம்.

மழைக்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணத் தூளை மண்ணில் கலப்பது நல்ல வழக்கம். வயல்காரர்கள் வீட்டில் கேட்டால் தெரியும், வேளாண் விரிவாக்க மையத்திலும் உரக்கடையிலும் கிடைக்கும். சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் அப்படித்தான். இவை வருமுன் காக்கும், அழுகிய பின் ஊற்றிப் பயனில்லை.

புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவரில் இருக்கும் தொட்டிகளை முதலில் தரைக்கு இறக்குங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளே சாய்ந்தன, தொட்டி எம்மாத்திரம். செடி போனால் போகட்டும், மாடியிலிருந்து மண் தொட்டி தெருவில் போகிறவர் மேல் விழக் கூடாது.

மார்கழியில் மழை விட்டாலும் பனி இறங்கும். காலை வெயில் ஏறி முள்ளெல்லாம் காயும் வரை தண்ணீர் யோசனையே வேண்டாம்.

அழுகலும் பூச்சியும்

செடியின் அடிப்பகுதி பழுப்பாகிக் கெட்டியாக, பட்டை போல் ஆனால் அது வயசு, நோய் இல்லை. அழுத்தினால் குழைந்து, நிறம் மங்கி, நாற்றம் வந்தால் அழுகல். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல செடியை வெட்டுபவர்களும் உண்டு.

அழுகல் என்றால் அன்றைக்கே வெட்ட வேண்டும். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, குழைந்த பகுதிக்கு மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவே ஒரு வட்டம் தெரியும். அதில் பழுப்புப் புள்ளி இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். புள்ளியே இல்லாத சுத்தமான முகம் வந்ததும் கந்தகத் தூளைத் தடவி நிழலில் வையுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் இலவங்கப்பட்டையைப் பொடித்துத் தடவலாம். வெயில் காலத்தில் பத்து நாளில் தோல் கட்டிவிடும். மழை நாளில் லேசில் காயாது, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வறண்ட கலவையின் மேல் உட்காரவைத்து, வேர் விட்ட பிறகுதான் தண்ணீர்.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் நம் ஊர்த் தொல்லை. செம்பருத்தியிலும் கொய்யாவிலும் இருப்பது அப்படியே இங்கும் வரும். எறும்பு சாரை போட்டால் தேடிப் பாருங்கள், மாவுப்பூச்சியின் தேன் கழிவுக்காக எறும்பு அதைச் சுமந்து பரப்பும். மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பழைய தூரிகையை நனைத்து ஒவ்வொரு பஞ்சையும் தொட்டு எடுங்கள், சாயங்காலத்தில் செய்யுங்கள். நிறைய இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு சோப்புக் கரைசல், வாரம் ஒரு முறை மூன்று வாரம். வெயிலில் தெளித்தால் தோல் கருகும். நீலம் பூசினது போல் இருக்கும் செடிகளில் தெளிக்காதீர்கள், அந்த மெழுகுப் பூச்சு கரைந்து திட்டுத்திட்டாகிவிடும். வேரிலும் மாவுப்பூச்சி உண்டு. காரணமில்லாமல் செடி வளராமல் நின்றால் தொட்டியைத் தட்டி வேரைப் பாருங்கள்.

சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு இருந்து, நசுக்கினால் ரத்தச் சிவப்பு வந்தால் அது கொச்சினீல் இனப் பூச்சி. இதற்கு ஒரு கதை உண்டு. சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், வந்தது சாயத்துக்கு உதவாத வேறு இனம். ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. மிச்சமிருந்த இன்னொரு வகையை ஒழிக்க 1926-ல் இலங்கையிலிருந்து மற்றோர் இனத்தைத் தென்னிந்தியாவில் கொண்டுவந்து விட்டார்கள். காடாக மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளி அதில்தான் அடங்கியது. அதனால் தொட்டியில் ஆசையாக ஒன்று வைத்திருந்தால் இந்தப் பஞ்சைப் பார்த்ததும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தை மாதம் ஒரு சிட்டிகை எலும்புத் தூள், வளரும் காலத்தில் மாதம் ஒரு முறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்வாசியாகக் கரைத்த 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது). விவசாயி வீட்டில் யூரியாவும் டிஏபியும் மூட்டையாக இருக்கும், கை நீளும். யூரியா போட்டால் செடி ஊதிப் பெருத்துத் தோல் வெடிக்கும், மழையில் முதலில் அழுகுவதும் அதுதான்.

நிஷாகந்திக்கு வேறு கணக்கு

பிரம்மகமலம் என்று பல வீடுகளில் வைத்திருப்பது, இரவில் வெள்ளையாகப் பெரிய பூ விரிந்து விடிவதற்குள் வாடுவது, அதுவும் காக்டஸ்தான். இமயமலையில் பூக்கும் பிரம்மகமலம் வேறு செடி. நிஷாகந்தி பாலைவனத்தில் வளர்வதில்லை, மழைக்காட்டு மரங்களின் மேல் தொற்றி வளர்வது. மேலே சொன்ன கலவையும் வறட்சியும் அதற்கு ஒத்துவராது. தேங்காய் மட்டைத் துண்டு, கரி, மக்கிய உரம் மூன்றும் கலந்து, மாமரத்து நிழல் போன்ற சலித்த வெளிச்சத்தில் வையுங்கள். மண் லேசாக ஈரமாகவே இருக்கலாம். நேர்வெயில் பட்டால் இலை மஞ்சளாகும். இலை போல் இருப்பது உண்மையில் அதன் தண்டு. ஒரு துண்டு வெட்டி, ஒரு வாரம் காயவைத்து, கீழ்ப்பக்கம் கீழாகவே நட்டால் வரும்.

கன்று பிரிப்பது

மம்மில்லேரியாவும் ஜிம்னோகாலிசியமும் பக்கத்தில் கன்று தள்ளும். கோலிக்குண்டு அளவுக்கு மேல் வளர்ந்ததும் மெல்லத் திருகினால் வந்துவிடும், ஒரு வாரம் காயவைத்து மணல் மேல் வையுங்கள். தை, மாசிதான் இதற்கும் காலம். விதையிலிருந்து வளர்ப்பது சுகமான வேலை, நம் வெப்பத்தில் விதை சீக்கிரமே முளைக்கும், ஆனால் முளைத்தது பட்டாணி அளவாக ஓர் ஆண்டு பிடிக்கும் என்பதால் முதல் வருடம் வேண்டாம்.

வெளியூர் போக வேண்டியிருந்தால் பதினைந்து நாள் வரை காக்டஸுக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு தண்ணீர், கோடையானால் நிழலுக்கு நகர்த்திவையுங்கள், ஐப்பசியானால் தண்ணீரும் வேண்டாம், கூரைக்குக் கீழே இழுத்துவைத்தால் போதும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவீர்கள். மல்லிகைக்கும் துளசிக்கும் ஊற்றச் சொல்லுங்கள், இதற்கு ஊற்றவே வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். பாவம், வாடுகிறதே என்று அவர்கள் ஊற்றத்தான் பார்ப்பார்கள்.